வெயிலில் கிடந்த கயாக்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒயிட்வாட்டர் கயாக், அதாவது நுரைத்து ஓடும் வேக ஆற்றில் துடுப்பால் ஓட்டும் ஒற்றையாள் படகு, வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கும் ஆண்டில் பெரும்பகுதி வேலை இல்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, உபரி நீர் காவிரியில் மாநில எல்லையான பிலிகுண்டுலு தாண்டி வந்தால்தான் பரணில் இருக்கும் துடுப்பு ஞாபகம் வரும். அதுவரை படகு மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ மாசி முதல் வைகாசி வரை வெந்துகொண்டிருக்கிறது. முதல் தண்ணீர் அன்று வரும் புகார்களைப் பிரித்துப் பார்த்தால், ஆற்றில் அடிபட்டுக் கெட்டதைவிட வீட்டில் கிடந்து கெட்டதுதான் அதிகம். அதனால் கீழே உள்ள சோதனைகளை ஆனி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள். தண்ணீர் திறந்தபின் சாமான் வாங்கவும் நேரம் இருக்காது, பழுது பார்க்கவும் ஆள் கிடைக்காது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஒகேனக்கல் அருவியும் அதன் இடுக்குகளும் பயிற்சி செய்யும் இடமல்ல. நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை போடும். அந்தத் தடை உங்கள் கயாக்குக்கும் சேர்த்துத்தான். மேலே இரு கரையிலும் வனவிலங்குச் சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. ஆற்றில் முதலையும் உண்டு. பழுது நீக்கியபின் சோதித்துப் பார்க்க ஊர் ஏரி போதும். ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, துணைக்கு நீந்தத் தெரிந்த ஒருவரோடு இறங்குங்கள்.

அறிகுறி: படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது விரிசலை. ஆனால் விரிசல் கடைசியில் பார்க்க வேண்டியது.

படகை இரண்டு ஸ்டூல் மேல் ஏற்றி, உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, படகை முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் வழி எதுவோ, அதே வழியாகத்தான் வெளியே சொட்டும். சொட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள்.

பின்பக்க வடிகால் பிளக்கில் சொட்டினால் சந்தோஷப்படுங்கள். மூடிக்குள் இருக்கும் ஓ ரிங் காய்ந்து வெடித்திருக்கும். ஹார்டுவேர் கடையிலோ பம்ப்செட் ரிப்பேர் கடையிலோ அதே அளவில் ஒரு ரப்பர் வளையம் வாங்கி மாட்டினால் முடிந்தது. வாங்கும்போதே நாலைந்து வாங்கி, ஒன்றைத் தலைக்கவசத்துக்குள் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

இருக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சொட்டினால், வாஷருக்குக் கீழிருக்கும் ரப்பர் தளர்ந்திருக்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து, இரவில் சுருங்கி, போல்ட் மெல்ல மெல்ல லூஸ் ஆகும். கழற்றி, ரப்பர் வாஷர் மாற்றி, கையால் முறுக்கும் அளவுக்கு மேல் ஒரு கால் திருகு மட்டும் கொடுங்கள். ஸ்பேனர் கையில் இருக்கிறது என்பதற்காக முழுப் பலத்தையும் காட்டினால் அந்த இடத்திலேயே பிளாஸ்டிக் கிழியும்.

எங்கேயுமே சொட்டவில்லை, ஆனால் ஆற்றில் நிறைகிறது என்றால் தண்ணீர் மேலிருந்து வருகிறது. குற்றவாளி ஸ்பிரே டெக், அதாவது இடுப்பில் மாட்டிக்கொண்டு படகின் திறப்பு விளிம்பில் பொருத்தும் மூடி. இதில் மூன்று சாத்தியங்கள் உண்டு. இடுப்பைச் சுற்றும் குழல் வழியாக வந்தால் மடி நனையும், ஆனால் படகு மெதுவாகத்தான் நிறையும். குழல் உங்கள் இடுப்பளவுக்குப் பெரிது, அல்லது அதைத் துடுப்புச் சட்டையின் உள்மடிப்புக்குள் செருகாமல் விட்டிருக்கிறீர்கள். விளிம்பு வழியாக வந்தால் தொடையின் இரு பக்கமும் ஈரமாகும். விளிம்பில் மணல் ஒட்டியிருக்கிறதா, டெக்கின் ஓரத்து இழுகயிறு வெயிலில் விறைத்துவிட்டதா என்று பாருங்கள். இழுகயிற்றை நீட்டி விட்டால் சட்டென்று திரும்பச் சுருங்க வேண்டும். சோம்பலாகச் சுருங்கினால் மாற்ற வேண்டியதுதான். மூன்றாவது, அலை விழும்போது டெக் மொத்தமாக உள்ளே அமுங்கிக் கழன்றுவிடுவது. பெரும்பாலும் டெக்கின் அளவும் படகின் திறப்பளவும் பொருந்தாததால் வருவது இது. செகண்ட் ஹேண்டில் படகை ஓரிடத்திலும் டெக்கை வேறிடத்திலும் வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. அளவு பார்த்து வேறு வாங்குங்கள்.

டெக்கில் தையல் விட்டிருந்தாலோ சின்னக் கிழிசல் இருந்தாலோ செருப்புத் தைக்கும் கடைக்குப் போங்கள். அங்கே தோலும் ரப்பரும் ஒட்டப் பயன்படுத்தும் மஞ்சள் சொலூஷன் பெரும்பாலும் குளோரோபிரீன் வகை. டெக் செய்திருக்கும் நியோபிரீனும் அதே குடும்பம். கிழிசலின் இரு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் பிடிக்காது. இதற்கென்று வெளிநாட்டிலிருந்து சின்ன டியூப் வரவழைத்து, அதைவிடப் பெரிய தொகையைக் கொரியருக்குக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

கோடையில் காய்ந்த டெக் சுருங்கி, மாட்டவே வராது. உலர்ந்த டெக்கோடு மல்லுக்கட்டாதீர்கள். நனைத்து, பின்பக்கத்தை முதலில் மாட்டி, முழங்கையால் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்தைக் கடைசியில் இழுத்து மாட்டுங்கள். படகிலேயே ஓர் இரவு மாட்டி வைத்தால் இளகும். முன்னால் உள்ள பிடிவளையம் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கவிழ்ந்தபின் அதைத் தேடுவது உயிர்ப் பிரச்சினை. ஏரியில் ஆள் பக்கத்தில் நிற்க, தலைகீழாக இருந்தபடி ஒரே இழுப்பில் டெக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கழலவில்லை என்றால் அந்த டெக்கோடு ஆற்றுக்குப் போக வேண்டாம்.

விரிசலேதான் என்றால்

பென்சில் வட்டம் இருக்கைக்குக் கீழேயோ, குதிகால் படும் இடத்திலோ விழுந்தால் விரிசல்தான். படகு பாறையில் தேய்கிற, உங்கள் எடை இறங்குகிற இடம் அது.

ஒகேனக்கல் பரிசல் துறையில் தாரைக் காய்ச்சிப் பூசி ஓட்டையை அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு நம் படகையும் அங்கேயே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். மூங்கில் பின்னலும் அதன் மேல் போர்த்திய ஷீட்டும் தாரைப் பிடித்துக்கொள்ளும். கயாக் செய்யப்பட்டிருப்பது பாலிஎத்திலீனால். அதன் மேல் தாரும் பிடிக்காது, எம்சீலும் பிடிக்காது, பெவிக்விக்கும் பிடிக்காது. காய்ந்ததும் தகடாக உரிந்து வந்துவிடும். பரிசல்காரர் மேல் பழி போடாதீர்கள்.

இதற்கு வழி வெல்டிங். வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் கயாக்கும் அச்சைச் சூடாக்கிச் சுழற்றி வார்க்கும் ஒரே முறையில் செய்யப்படுபவை. அதனால் தொட்டி வெல்டிங் செய்கிறவருக்குக் கயாக் புதிதாக இருந்தாலும் வேலை புதிதல்ல. ஓசூர்ப் பக்கம் தொழிற்பேட்டைகள் இருப்பதால் ஹாட் ஏர் கன் வைத்திருப்பவர் கிடைப்பார். அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, வெல்டிங் குச்சி படகின் அதே வகைப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். தொட்டிக்கான குச்சியும் மாம்பழக் கூழ் வந்த நீல டிரம்மை வெட்டிய துண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உருகும் விதம் வேறு. கயாக்குக்கென்று விற்கும் குச்சி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் படகின் உள்பக்கம், கண்ணில் படாத தடித்த ஓரத்தில் சீவி எடுத்து அதையே பயன்படுத்தலாம். இரண்டு, விரிசலின் இரு முனையிலும் மூன்று, நான்கு மில்லிமீட்டரில் சின்ன ஓட்டை போட வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் தாண்டியும் விரிசல் ஓடும். மூன்று, படகுப் பக்கமும் குச்சியும் இரண்டுமே பளபளப்பாக இளகியபின் அழுத்த வேண்டும். குச்சி மட்டும் உருகி மேலே படிந்தால் அது ஒட்டு அல்ல, வெறும் பூச்சு.

சில பழைய படகுகள் குறுக்கு இணைப்புப் பாலிஎத்திலீனில் வந்தவை. அவை வெல்டிங் ஏற்காது. விளிம்பிலிருந்து மெல்லிய சீவலை எடுத்து நெருப்பில் காட்டுங்கள். உருகிச் சொட்டினால் வெல்டிங் செய்யலாம். உருகி ஓடாமல் கருகினால் முடியாது.

ஆற்றங்கரையில் திடீரென்று விரிசல் கண்டால், தகரக் கூரை ஒழுகலுக்கு ஒட்டும் பியூட்டைல் டேப் நம்பகமானது. இடத்தை நன்றாகக் காயவைத்து, லைட்டரால் லேசாகச் சூடு காட்டி, அழுத்தித் தேய்த்து ஒட்டினால் அன்றைய நாள் ஓடிவிடும்.

வெல்டிங்குக்குக் காசு போடும் முன் விரலால் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளையாக ஒட்டினால், நிறமும் வெளுத்திருந்தால், வெயில் உள்ளே வரை போய்விட்டது. ஒரு விரிசலை ஒட்டினால் அதன் பக்கத்திலேயே அடுத்தது விடும். அந்தப் படகை ஏரிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அறிகுறி: அடிப்பக்கம் குழிந்திருக்கிறது

வெயிலில் இளகிய பிளாஸ்டிக்கில் எடை விழுந்ததன் விளைவு. கார் கேரியரில் கவிழ்த்துப் போட்டு, பட்டையை இறுக்கிக் கட்டி, தொப்பூர் கணவாயில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும் மத்தியான வெயிலில் இது கண் முன்னாலேயே நடக்கும். பட்டையை இறுக்குவதற்கும் ஓர் அளவு உண்டு: படகை அசைத்தால் வண்டியும் சேர்ந்து அசைய வேண்டும், அவ்வளவுதான்.

சரிசெய்வது எளிது. குழிவு மேலே பார்த்தபடி படகை ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள்; நம்மூரில் அதற்கு மேல் தேவைப்படாது. உள்ளேயிருந்து கையால் தள்ளினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் கொதிக்கும் நீரை ஒரு துணியில் ஊற்றிக் குழிவின் மேல் போட்டு, உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, ஆறும் வரை விட்டுவிடுங்கள். நெருப்பை நேராகக் காட்டாதீர்கள். அப்புறம் படகை விலாப்பக்கமாகச் சாய்த்தோ, நிழலில் நிறுத்தியோ வையுங்கள். மல்லாக்கப் போட்டு வைத்தால் ஆடிக்குள் அதே குழி.

அறிகுறி: ஒரு பக்கமாகவே இழுக்கிறது, அல்லது மூக்கு முங்குகிறது

ஒயிட்வாட்டர் கயாக் குட்டையானது, அடி வளைந்தது. நேராகப் போவதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஏரியில் முதல் நாள் அது சுற்றிச் சுற்றி வருவது பழுது அல்ல. எப்போதும் ஒரே பக்கம் மட்டும் இழுத்தால்தான் ஆராய வேண்டும். இருக்கை நடுவிலிருந்து விலகியிருக்கலாம், இடுப்புப் பஞ்சு ஒரு பக்கம் தடித்திருக்கலாம், நீங்கள் ஒரு பிருஷ்டத்தின் மேல் மட்டும் உட்காரலாம். நண்பரை ஏரிக்கரையில் நின்று நேர் எதிரே பார்க்கச் சொல்லுங்கள். படகின் இரு விளிம்பும் தண்ணீருக்குச் சம உயரத்தில் இருக்க வேண்டும்.

அலையில் மூக்கு முங்கிக்கொண்டே இருந்தால் இருக்கையை ஒரு துளை பின்னால் தள்ளுங்கள். பின்பக்கம் அமுங்கி, நீரோட்டம் வாலைப் பிடித்து மல்லாத்தினால் முன்னால். நன்றாகச் சாப்பிட்டு எடை கூடியவர்களும் இந்தத் துளைக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

அறிகுறி: ரோல் வரவில்லை, ஏரியில் வந்தது ஆற்றில் வரவில்லை

கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவதுதான் ரோல். தொடையாலும் இடுப்பாலும்தான் நிமிர்த்துகிறோம்; துடுப்பு துணை. தொடை படகை விட்டு நழுவினால் எந்தத் துடுப்பு வீச்சும் உதவாது. படகில் உட்கார்ந்து, கரையிலேயே நண்பரைப் படகைச் சாய்க்கச் சொல்லுங்கள். உங்கள் இடுப்பு பக்கவாட்டில் நகர்ந்தால் இடுப்புப் பஞ்சு போதாது. முழங்கால் தொடைப்பிடியிலிருந்து கழன்றால் பாதத்தாங்கி தள்ளி இருக்கிறது. முதுகுப் பட்டை தளர்ந்திருந்தால் தலைகீழாகும்போது பின்னால் சரிவீர்கள்.

இங்கேயும் வெயிலின் கைவரிசை உண்டு. இடுப்புப் பஞ்சை ஒட்டிய பசை கோடையில் இளகி, பஞ்சு கையோடு வந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே செருப்புக்கடை சொலூஷனால் ஒட்டலாம். பாலிஎத்திலீனில் இந்த ஒட்டு நிரந்தரமில்லை. பருவத்துக்கு ஒருமுறை ஒட்டவேண்டி வரும். பஞ்சு தேவைப்பட்டால் யோகா பாய், தரைவிரிப்பு பஸில் இரண்டையும் வெட்டி அடுக்கலாம். கட்டில் மெத்தைப் பஞ்சு வேண்டாம், தண்ணீர் குடித்து அமுங்கிவிடும்.

இதையே அளவுக்கு மீறிச் செய்தவர்களின் புகார் வேறு: பத்தே நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. முதுகுப் பட்டையை இரண்டு பல் தளர்த்துங்கள், பாதத்தாங்கியை ஒரு துளை தள்ளுங்கள், தொடைக்குக் கீழே ஒரு மடித்த துண்டு வைத்துப் பாருங்கள். இறுக்கம் எவ்வளவு வேண்டும் என்றால், நினைத்தால் உடனே வெளியேறும் அளவுக்கு மேல் ஒரு பொட்டுகூடக் கூடாது.

அறிகுறி: துடுப்பு ஆடுகிறது, அல்லது மணிக்கட்டு வலிக்கிறது

இரண்டாகக் கழற்றும் துடுப்பில் இணைப்பு தேய்ந்து ஆடத் தொடங்கும். மணல்தான் காரணம். ஒவ்வொரு முறையும் இணைப்பைக் கழுவி, காயவைத்துக் கழற்றி வையுங்கள். கிரீஸ் போடாதீர்கள், மணலை அழைத்து உட்காரவைக்கும். ஆட்டம் சிறிதாக இருந்தால் உள்குழலில் ஒரு சுற்று மெல்லிய டேப் போதும். பெரிதாக இருந்தால் வேகமான ஆற்றுக்கு அந்தத் துடுப்பு வேண்டாம். மாற்றுத் துடுப்பாகப் பின்னால் கட்டிக்கொள்ளலாம்.

மணிக்கட்டு வலிக்கு நீளமும் கோணமும் பாருங்கள். ஒயிட்வாட்டர் துடுப்பு பொதுவாக 190 முதல் 200 சென்டிமீட்டருக்குள் இருக்கும்; ஏரிக் கயாக்கோடு வரும் 220, 230 நீளத் துடுப்பை எடுத்துவந்தால் தோளும் வலிக்கும். இரு அலகுகளுக்கும் இடையிலான திருப்பக் கோணம் 45 டிகிரியாக இருந்தால் 30க்கு இறக்கிப் பாருங்கள். அதைவிடப் பெரிய காரணம், பயத்தில் கம்பை இறுக்கிப் பிடிப்பது. வழுக்குவதால் இறுக்குகிறீர்கள் என்றால் கம்பில் மெல்லிய மணல்தாள் போட்டு நான்கு இழுப்பு இழுங்கள். சன்ஸ்கிரீனும் தேங்காய் எண்ணெயும் பட்ட கையை மண்ணில் தேய்த்துக் கழுவிவிட்டு ஏறுங்கள்.

அறிகுறி: லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது

கீழ்ப் பட்டையிலிருந்து மேல் நோக்கி ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். தோள் பட்டையை முதலில் இறுக்கினால் ஜாக்கெட் மேலேயே நின்றுவிடும். இறுக்கியபின் நண்பர் இரு தோளிலும் பிடித்துத் தூக்கட்டும். மூக்குக்கு மேல் ஏறினால் அளவு தவறு.

ஒகேனக்கல் பரிசலில் கொடுக்கும் ஆரஞ்சு நாடா ஜாக்கெட்டை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்கிறார்கள். பரிசலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. துடுப்பு வீசினால் கைக்குழி அறுக்கும், நாடா நனைந்தால் முடிச்சு தளரும். கயாக்குக்கு அது ஆகாது.

ஜாக்கெட்டின் உயிர் உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு. அதன் மேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதும், கார் டிக்கியில் சாமானுக்கு அடியில் ஆறு மாதம் போட்டு வைப்பதும் பஞ்சை அமுக்கிவிடும். உள்லேபிளில் 50 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தால் ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கி நிறுத்தும் மிதப்பு என்று பொருள். ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கல் போட்டு, எடை பார்த்து, ஜாக்கெட்டில் கட்டித் தொட்டியில் இறக்கிப் பாருங்கள். கல் தண்ணீருக்குள் கொஞ்சம் எடை குறைந்துவிடும் என்பதால் 5 கிலோவுக்குப் பதில் 8 கிலோ கல் போட வேண்டும். ஜாக்கெட் முங்கினால் தூக்கிப் போடுங்கள். நுரை பொங்கும் நீரில் பாதி காற்று. அங்கே எந்த ஜாக்கெட்டும் ஏரியில் தூக்கும் அளவுக்குத் தூக்காது, அதனால் லேபிளில் கூடுதல் எண் உள்ளதை வாங்குவது நல்லது. துணி வெளுத்து, நகத்தால் கீறினால் நூல் பிரிந்தாலும் அதே முடிவுதான்.

ஹெல்மெட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெற்றியை மூடி உட்கார வேண்டும், பின்னால் தள்ளினால் நெற்றி தெரியக் கூடாது. பலத்த அடி ஒன்று வாங்கியிருந்தால் வெளியே கோடு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். பைக் ஹெல்மெட் வேண்டாம்; தண்ணீர் வடியாது.

அறிகுறி: கவிழ்ந்தால் படகைக் கரைக்கு இழுக்கவே முடியவில்லை

உள்ளே காற்றுப்பை இல்லை, அல்லது இருப்பது ஒழுகுகிறது. 300 லிட்டர் கொள்ளளவுள்ள படகு முழுக்க நிறைந்தால் 300 கிலோ தண்ணீர். நீரோட்டத்தில் அதைப் பிடிக்கப் போகிறவருக்கும் ஆபத்து. இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் காற்றுப்பை நிறைந்திருந்தால் தண்ணீர் புகும் இடம் பாதியாகிவிடும்.

காலையில் ஊதிய பை மாலையில் சுருங்கினால் பஞ்சர் கடைத் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். வால்விலிருந்து வந்தால் மூடி. தையலிலிருந்து வந்தால் வெடிப்பு. அதே கடையின் சைக்கிள் டியூப் பேட்ச் இதில் நிற்காது. டியூப் ரப்பர், பை பிவிசியோ நைலானோ. பிவிசி என்றால் அதற்கான பசையும் அதே துணித் துண்டும் வேண்டும்.

தையல் ஏன் வெடிக்கிறது? ஊதி நிறைத்த பையோடு படகை வண்டி மேல் போட்டு வெயிலில் நிறுத்துவதால். 30 டிகிரியில் ஊதிய காற்று 60 டிகிரிக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு பெருக்கும். கறுப்புப் படகின் வயிறு அந்தச் சூட்டை எளிதில் தொடும். ஊரில் பாதி ஊதி, ஆற்றங்கரையில் மீதியை ஊதுங்கள்.

அறிகுறி: எறிகயிறு பையிலேயே சிக்குகிறது

சுருட்டி உள்ளே வைத்திருக்கிறீர்கள். தண்ணீரில் விழுந்தவரை இழுக்கக் கரையிலிருந்து வீசும் எறிகயிற்றைச் சுருட்டக் கூடாது. பையின் வாயில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கண்டபடி திணிக்க வேண்டும். அப்படித் திணித்தால்தான் எறியும்போது சிக்காமல் உருவிக்கொண்டு வரும். மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு, 15 முதல் 20 மீட்டர். கிணற்றுக்கயிறு நைலானாக இருந்தால் மூழ்கிப் பாறைக்கடியில் மாட்டும். பாலிபுரொப்பிலீனும் வெயிலில் மொறமொறப்பாகிவிடும். கையில் முள்முள்ளாகக் குத்தினால் அதைத் துணி காயப் போடக் கட்டிக்கொள்ளலாம். கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு யாரும் எறிய வேண்டாம். காவிரியில் மீன்வலையும் அறுந்த தூண்டில் நரம்பும் அதிகம் என்பதால் ஜாக்கெட்டில் ஒரு கத்தி கட்டாயம்.

அறிகுறி: சாமான் எல்லாம் சரி, ஆறுதான் புரியவில்லை

செய்தியில் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை கனஅடி என்று சொல்கிறார்கள். மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளக்கிறது. கயாக் வழிகாட்டிகளில் கனமீட்டர். 35.3 கனஅடி சேர்ந்தால் ஒரு கனமீட்டர். 10,000 கனஅடி என்பது ஏறக்குறைய 283 கனமீட்டர். இதைத் தெரியாமல் வெளிநாட்டு வீடியோவில் 30 என்று பார்த்ததையும் நம்மூர் 30 ஆயிரத்தையும் ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. இன்னொன்று, நம் காவிரி அணை திறப்பில் ஓடும் ஆறு. இங்கே ஒரு துளி மழை இல்லாமலே ஒரே இரவில் பல மடங்காகும். காலையில் பார்த்த பாறை மதியம் இருக்காது. ஆடிப்பெருக்கு சமயத்தில் கூட்டமும் காவல்துறையும் சேர்ந்துகொள்ளும்; படகை வீட்டிலேயே விடுங்கள்.

தென்பெண்ணையில் இறங்க நினைப்பவர்களுக்கு: ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து மழைக்காலத்தில் வெள்ளைவெளேரென்று நுரை பொங்கி வரும். அது வேகத்தால் வந்த நுரை என்று மயங்க வேண்டாம், மேலே கலக்கும் கழிவால் வருவது.

போட்டிக்குப் போய்ச் சோதனையில் திருப்பி அனுப்பினால்

நமக்குக் கைக்கெட்டும் பெரிய நிகழ்ச்சி கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி, துஷாரகிரிப் பக்கம், சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் ரிவர் பெஸ்டிவல். 2013-இல் தொடங்கியது. ஓசூர், மைசூரு, வயநாடு வழியாகத் தாமரச்சேரி மலைப்பாதை இறங்கினால் போய்விடலாம். அங்குள்ள ஆறுகள் குறுகியவை, செங்குத்தாக இறங்குபவை, உருண்டைப் பாறை நிறைந்தவை. அகலமான காவிரியில் பழகிய கண்ணுக்குப் புதிது. தட்டையான விளையாட்டுப் படகைவிட வட்டமான, கொள்ளளவு கூடிய கிரீக் படகு அங்கே பொருத்தம்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் இறங்கும் முன் சாமான் பார்ப்பார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: காற்றுப்பை இல்லை, முன்னும் பின்னும் உள்ள பிடிகம்பி ஆடுகிறது, ஜாக்கெட் பக்கிள் உடைந்து கயிற்றால் கட்டியிருக்கிறது. பிடிகம்பியின் போல்ட்டை ஊரிலேயே இறுக்குங்கள். மீட்பவர்கள் பிடித்து இழுப்பது அதைத்தான். உதிரி பக்கிள் இரண்டு, பியூட்டைல் டேப், ஓ ரிங், ஆலன் கீ, இவ்வளவும் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும்.

ஸ்லாலம் பந்தயத்தில் பச்சைக் கம்பு வாயிலை ஓட்டத்தோடும், சிவப்பை எதிரேறியும் கடக்க வேண்டும். கம்பைத் தொட்டால் 2 விநாடி, வாயிலை விட்டால் 50 விநாடி தண்டம். நேரம் எங்கே போகிறது என்று புரியாதவர்கள் முதலில் இருக்கையின் இடத்தைப் பாருங்கள். வால் அமுங்கும் படகு சிவப்பு வாயிலில்தான் நேரத்தைத் தின்னும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அறிமுகமான கயாக் கிராஸ் பாணியில் நான்கு பேர் ஒன்றாக இறங்கும் பந்தயம் என்றால், முட்டிமோதலில் டெக் கழல்வது சகஜம். மேலே சொன்ன டெக் சோதனையை அதற்கு முன் இன்னொரு தடவை செய்துவிடுங்கள்.

ரிஷிகேஷ் போகிறவர்களுக்குக் காலம் தலைகீழ். அங்கே ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங் மூடியிருக்கும். குளிர்காலத்துக் கங்கை எலும்பைத் தொடும். நமக்கு இங்கே தேவையே படாத லேடெக்ஸ் கழுத்துப் பட்டையுள்ள டிரை டாப்பை, அதாவது நீர் புகாத மேல்சட்டையை, கடன் வாங்கிப் போவார்கள். கழுத்தில் ஏறவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்ட லேடெக்ஸ் பிசுபிசுத்துக் கிழியும். கொஞ்சம் முகப்பவுடர் போதும். திரும்பக் கொடுக்கும்போதும் பவுடர் போட்டே மடித்துக் கொடுங்கள்.

அறிகுறி: பையைத் திறந்தால் நாற்றம்

ஈரத்தோடு கட்டிப்போட்ட நியோபிரீன். வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயப் போடுங்கள். சலவை சோடா, பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். முதல் அலசலில் போகாவிட்டால் இரண்டாவது வாளியில் ஒரு டம்ளர் வினிகர். கொடியில் கம்பி மேல் நேராகப் போட்டால் மடிப்பில் வெடிக்கும்; ஒரு தடித்த பிவிசி பைப்பைக் குறுக்கே கட்டி அதன் மேல் போடுங்கள்.